ஜூலையில் எழுதிய எண்

மின்சாரம் போய்வந்த ஒவ்வொரு இரவும்
அது இதையே சொல்கிறது:
வட்டைக் காணவில்லை.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
துடிக்கும் ஒரு கோடு.
மெஸ்தியாவிலிருந்து பனிவண்டியில் நான்கு மணிநேரம் ஏறி
கையுறையைப் பல்லால் கழற்றி
விசைப்பலகையைத் தொடும்போது
வட்டு இருக்கிறது,
எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்ட முகத்தோடு.
'தொடர்' என்று ஒரு சொல் அடிக்கிறேன்.
மலைச்சரிவில் புதைத்த பதினொரு செவிகளும்
பனியின் எடையைச் சொல்லத் தொடங்குகின்றன.

இதற்காகவா எத்தேரி நான்கு மணிநேரம், என்கிறான் கோச்சா.
இதற்காகத்தான்.

மூன்றாம் முறை நான் உடனே திரும்பவில்லை.
அடுப்பில் ஈர விறகு புகைந்தது.
நானே இயந்திரத்தை அணைத்து, ஆறவிட்டு,
தகரத்தில் காதை வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன்.
முதலில் விசிறி.
பிறகு பெயர் கூப்பிடும் அவசரம்:
கடிகாரம், உள்ளேன். நினைவகம், உள்ளேன். வலையட்டை, உள்ளேன்.
வட்டு மட்டும்
ஆழத்தில் ஒரு முனகல்,
குளிரில் கெட்டித்த எண்ணெயில் ஒரு சுற்று,
நின்று,
இன்னொரு சுற்று.
வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல அதற்கு வாயில்லை,
வந்த பிறகுதான் வாய்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்,
இது இரண்டுக்கும் பிந்தி.

கோப்பைத் திறந்தேன்.
காத்திரு: ஐந்து விநாடி.
பக்கத்தில் அவ்தாண்டில் குறித்த தேதி, ஜூலை பதினாறு.
ஓ.
சன்னல் திறந்திருந்திருக்கும்,
மேசையில் பாதி கடித்த பிளம்,
சட்டைக் கையை மடித்துவிட்டு எண்ணிப் பார்த்திருப்பான்:
இரண்டில் வந்துவிடுகிறது, ஐந்து தாராளம்.
தாராளந்தான்,
ஜூலைக்கு.

தொண்ணூறு என்று மாற்றினேன்.
அன்று நாற்பதிலேயே வந்துவிட்டது.
வந்தவன் வாசலில் நிற்க
கதவு இன்னும் ஐம்பது எண்ணிக்கொண்டிருந்தது.
அடுப்பு அணைந்த விடியலிலோ
தொண்ணூற்று நான்கு.

வெளியே கோச்சா பனிவண்டியைக் கிளப்பினான்.
அவன் எதையும் எண்ணுவதில்லை.
சாவியைப் பாதி திருப்பி விளக்கைப் பார்க்கிறான்,
மஞ்சள்.
சிகரெட்டைத் தேடுகிறான், கிடைக்காமல் என்னைத் திட்டுகிறான்,
இன்னும் மஞ்சள்.
அணைந்ததும் மீதிப் பாதி.

எண்ணை அழித்தேன்.
'வட்டு வரும்வரை' என்று எழுதினேன்.

எழுதிவிட்டுத் தூக்கம் பிடிக்கவில்லை.
ஒருநாள் அது வராமலே போனால்
'வரும்வரை' என்பது எவ்வளவு?
கீழே பள்ளத்தில் இருபத்தேழு வீடுகள்.
கடைசி வீட்டு லாமாரா இந்நேரம் மாட்டுக்கு வெந்நீர் வைப்பாள்.
இயந்திரம் மரியாதையாகக் காத்திருக்கும்,
சரிவு காத்திருக்காது.

எழுந்து மேலும் சில வரிகள்.
வட்டுக்காகச் செவிகள் நிற்க வேண்டாம்,
கேட்டதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும்.
ஐந்து நிமிடமாகியும் ஆளைக் காணோமென்றால்
என் கைபேசியை எழுப்பு.
வந்தால், வந்த வரிசையில் பெயர் வைக்காதே,
உடம்பில் பொறித்த எண்ணைக் கேள்.
(போன பிப்ரவரியில் சின்ன வட்டு முந்திக்கொண்டு
முதல் வட்டு என்று பெயர் வாங்கி
ஒரு வாரப் பனியைத் தன்மேல் எழுதிக்கொண்டது.
யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்.)

காலையில் மின்சாரம் தானாகவே போனது.
வந்தது.
கடிகாரம், நினைவகம், வலையட்டை.
பிறகு, இதுவரை அந்தத் திரையில் நான் பார்த்திராத சொல்:
காத்திருக்கிறேன்.

நாலாம் செவி அதற்குள் பேசிவிட்டது,
மேல்முனையில் நாற்பது சென்டிமீட்டர் புதுப்பனி.
கோச்சா தேநீர் ஊற்றினான், சர்க்கரை கேட்டான்.
தீர்ந்துவிட்டது என்றேன்.
டப்பாவைத் தானே திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்,
தகரத்துக்குள்ளே
அந்த முனகல்.